ஆண்டுதோறும் இறந்து எழுந்த பிருந்தா மிஸ்

செய்தி வந்தபோது நான் தறிக்கூடத்துக்குள் இருந்தேன். சூலூரில் தறி ஓடுகிற நேரத்தில் போன் பேசுவதென்றால் ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு கத்தவேண்டும். பள்ளி நாடகங்களுக்கு என்னோடு சேர்ந்து உடை தைத்துத் தரும் பூங்கொடி அழைத்திருந்தார். "அக்கா, நம்ம பிருந்தா மிஸ் எறந்துபோயிட்டாங்க" என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "செரி, இந்த வருஷம் என்ன வேஷமாமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து மறுபடி கேட்ட பிறகுதான் விஷயம் எனக்கு உறைத்தது. காலையில் காபி வைக்க எழுந்தவர், அடுப்படியிலேயே உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் என்மீது கோபப்பட வேண்டாம். மிஸ்ஸை அறிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் இரண்டு பேர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தாராபுரத்திலிருந்து அவருடைய தம்பி எழுதிய பிறகுதான் அவசரமாக அதை அழித்தார்கள். நம் பள்ளி மலரில் என்னை எழுதச் சொன்னபோது, அவரைத் தெரியாத புதுப் பெற்றோருக்கும் புரியும்படி எழுதச் சொன்னார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

சரவணம்பட்டி தாண்டி நம் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆரம்பித்த காலத்தில், நாடகத்தையும் கணக்கு, அறிவியல் மாதிரி ஒரு பாடமாக வைத்து அதற்கு ஆசிரியராக பிருந்தா மிஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். தாராபுரத்துக்காரர். புதுச்சேரியில் நாடகம் படித்தவர். முதல் ஆண்டுவிழா நாடகத்தில் ஒரு கிழ ராஜா சாகவேண்டும். அந்த வேடத்துக்கு எந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தாலும் மறுநாள் அவனுடைய அம்மா வந்து நிற்பார். "ஏனுங்க மிஸ், திருடனாப் போடுங்க, குடிகாரனாக்கூடப் போடுங்க. பொணமாப் போடாதீங்க" என்பார்களாம். மில் முதலாளி வீடானாலும் தோட்டக்காரர் வீடானாலும் இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரே ஒரே கட்சி. பெற்ற பிள்ளையை மாலை போட்டுப் படுக்கவைத்து ஊர் கூடி வேடிக்கை பார்ப்பதா என்பதுதான் அந்த அம்மாக்களின் கேள்வி. கடைசியில் மிஸ், "அப்ப நானே செத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஆண்டு நாடகத்தில் சாவு வந்தாலும் அது அவருக்குத்தான். ராஜாவாகச் செத்தார், பாட்டியாகச் செத்தார், ஒரு வருடம் சாம்பல் நிறப் போர்வைக்குள் சுருண்டு யானையாகவும் செத்தார். யானை விழுந்தபோது மேடைப் பலகை அதிர்ந்ததில் பின்னால் நின்ற அட்டை மரம் சாய்ந்துவிட்டது.

செத்துக் கிடப்பதில் ஒரு வசதி இருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். மேடைக்கு நடுவில் படுத்துக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வசனம் எடுத்துக்கொடுக்கலாம், யாருக்கும் தெரியாது. பிணத்தின் மேல் விழுந்து அழுகிற பிள்ளைக்கு அடுத்த வரி மறந்துபோனால் பிணமே சொல்லிக்கொடுக்கும். ஒரு முறை சட்டைக் காலரில் குத்திய மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். ராஜா இறந்து மந்திரி தலையில் அடித்துக்கொண்டு அழும்போது, அரங்கம் முழுக்க ராஜாவின் குரல் கேட்டது: "போதும் கண்ணு, தேம்பாத. இப்ப அக்கட்டால போய் வாளை எடு." கூட்டம் சிரித்துப் புரண்டது. மிஸ்ஸின் வயிறும் குலுங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் எழுந்திருக்கவில்லை. "சாகறது சுலபமுங்க. மத்தவங்க அழுது முடிக்கற வரைக்கும் மூக்கு அரிக்காம இருக்கோணும் பாருங்க, அதுதான் வித்தை" என்பார்.

எங்கள் பிள்ளைகளின் பேச்சை அவர் மாற்ற முயன்றதே இல்லை. கொள்ளைக்காரனாக நடித்த ஒரு பையன் கத்தியை நீட்டிக்கொண்டு, "நகையெல்லாம் கழட்டி வச்சுப்போடுங்க" என்று மரியாதையாகக் கேட்டபோது எல்லாரும் சிரித்தோம். திருத்தட்டுமா என்று கேட்ட ஆங்கில ஆசிரியரிடம், "உட்டுடுங்க, நம்மூர்த் திருடன் அப்படித்தான் கேப்பான்" என்று சொல்லிவிட்டார். அந்த வசனத்துக்குத்தான் அந்த வருடம் அதிகக் கைதட்டல் விழுந்தது.

இவ்வளவும் மற்றவர்கள் கதை. என் கதைக்கு வருகிறேன்.

என் மகள் தாரணி பத்தாவது முடித்ததும் நாடகத்தைப் பரீட்சைப் பாடமாக எடுப்பேன் என்று நின்றாள். எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்மூட்டுப் புள்ள கூத்தாடப் போறதுக்கா இத்தன தூரம் பஸ்ஸுல அனுப்பறது?" என்று கேட்டார். நான் மகள் பக்கம் நின்றேன். அவள் நடிக்கும்போது முகம் எப்படி வெளிச்சமாகிறது என்று பார்த்திருந்தேன். எப்படியோ அவரைச் சரிக்கட்டினேன். அதற்குப் பிறகுதான் வினையே வந்தது.

பரீட்சைக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு சின்ன நாடகம் எழுதி நடிக்கவேண்டும். அதை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே மதிப்பெண் போடுவார்கள். தாரணி எழுதியது ஒரு ராணியின் கதை. கோட்டையை விட்டுக்கொடுக்காத ராணி கடைசியில் அம்பு பட்டு விழுகிறாள். அவள் உடலுக்கு இருபுறமும் நின்று எதிரி வீரர்கள் இரண்டு பேர் பேசுகிறார்கள். கொல்ல வந்தவர்களே மெல்ல மெல்ல அவளைப் புகழத் தொடங்குகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை அவள் அசையாமல் கிடக்கவேண்டும். ராணி தாரணிதான்.

முடியாது என்றேன். மகள் பக்கம் நின்ற நானே முடியாது என்றேன். அப்பாவை வென்ற களிப்பில் இருந்தவளுக்கு அது பேரிடி. "கதையை மாத்து. காயத்தோட தப்பிச்சுப் போனான்னு வை" என்றேன். "செத்தாத்தாம்மா அது கதை. தப்பிச்சுப் போனா அவங்க எதுக்கு அவளப் பத்திப் பேசறாங்க?" என்றாள். என் மனம் இறங்கவில்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நானே பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம் ஒரு யோசனை சொன்னேன். "விழுகற வரைக்கும் அவ நடிக்கட்டுங்க. விழுந்ததுக்கு அப்புறம் எப்பவும்போல நீங்க படுத்துக்குங்க மிஸ்." அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அம்மணி, வெளிநாட்டுக்காரன் வீடியோவப் பாத்து, பதினாறு வயசு ராணிக்கு அம்பு பட்டதும் தலை நரைச்சுப்போச்சேன்னு திகைச்சிருவான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சூலூருக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அன்று எண்ணெயில் சுட்ட கச்சாயப் பலகாரம் இருந்தது, வைத்தேன். காபி கொடுத்தேன். இரண்டாவது கச்சாயத்தைக் கடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்காரரிடம் நூல் விலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், பேச்சை நடுவில் நிறுத்தினார். கை நெஞ்சுக்குப் போனது. டம்ளர் உருண்டது. சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, ஒரு தரம் இழுத்து, அடங்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் காரைக் கிளப்பிவிட்டார். நான் செம்புத் தண்ணீரை முகத்தில் அடிக்கப் போனபோது மிஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சித்த பொறுங்க அம்மணி, இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு இன்னொரு காபி கேட்டார். வாசலில் கார் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நெசமாலுமே நடுங்கிப்போட்டனுங்க மிஸ்" என்றார். கூத்தாடப் போவதா என்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுத்ததில்லை. தாரணிகூடச் சிரித்தாள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

யாரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். தாரணிக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். கையைத் தூக்கிவிட்டால் அது தானாகக் கீழே விழும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் பிழைத்து, வளர்ந்து, என்னை எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டாள். ஆனாலும் அவள் அசந்து தூங்கினால் இன்றைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டி எழுப்பிவிடுவேன். "நடிப்புன்னு தெரியுதுங்க மிஸ். தெரிஞ்சு என்ன பண்ண? எம்புள்ள அசையாமக் கெடக்கறத இன்னொருக்கா என்னால பாக்க முடியாதுங்க" என்றேன்.

மிஸ் என்னோடு வாதாடவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்தார், என் பக்கத்தில். "அப்ப நீங்க பாத்தே ஆகோணுங்க அம்மணி" என்றார். "அன்னிக்கு அவ கெடந்ததயும் நீங்க பாக்கல, சொவத்தைத்தான் பாத்தீங்க. அதனால அவ எந்திரிச்சது உங்க மனசுல சரியா உழுகவே இல்ல. என் பக்கத்துல நில்லுங்க. அவ விழுகறதயும் பாருங்க, எந்திரிக்கறதயும் பாருங்க. திரைய மூடச் சொல்ல மாட்டேன். உங்க கண்ணு முன்னாடி எந்திரிப்பா." மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் காய்ச்சல் கதை அப்போதுதான் முழுதாகத் தெரியும். சரி என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

சரி என்று சொன்னேனே தவிர, வெறுங்கையோடு போக நான் அவ்வளவு துணிச்சல்காரி இல்லை. ஒரு கைப்பிடி கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் முடிந்து எடுத்துக்கொண்டேன். அரங்கத்தின் பின்படிக்கட்டில் சின்ன மண்சட்டியில் தேங்காய் ஓட்டைப் பற்றவைத்துக் கனலாக்கி, மேடைப் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். மிஸ் வீடியோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நாடகம் தொடங்கியது. தாரணி நன்றாக நடித்தாள், அதை அம்மாவாகச் சொல்லவில்லை, ரசிகையாகச் சொல்கிறேன். அம்பு பட்டது. அவள் விழுந்தாள். அந்தக் கணமே நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் இருந்த திசைக்கு உப்பையும் மிளகாயையும் மூன்று சுற்றுச் சுற்றி, கனலில் போட்டேன்.

வீட்டுக் கூரைக்குத் தெரியும், அது திருஷ்டிப் புகை என்று. இன்டர்நேஷனல் ஸ்கூல் கூரைக்குத் தெரியுமா? நெடி மேலே போனதும் தீ எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்தது. அரங்க விளக்குகள் தாமாக எரிந்தன. கூட்டம் எழுந்தது. காவலர்கள் கதவைத் திறந்துவிட்டு "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தினார்கள். முன்வரிசையில் ஆரம்பித்து எல்லாரும் இருமினார்கள். மிஸ் திரும்பிப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. குடிநீர்ப் பாட்டிலைச் சட்டியில் கவிழ்த்தார். அடுத்து, மேடையோரம் வந்து, அடித் தொண்டையில், "ஒண்ணுமில்ல, மொளகாதான்! பொட்டாட்ட, அசையாமச் செத்துக் கெட கண்ணு!" என்றார்.

அந்த இரைச்சலில் அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவள் கிடந்தாள். மணி அலறியது, ஆட்கள் ஓடினார்கள், ராணி கிடந்தாள். அவளைப் பார்த்து அந்த இரண்டு வீரர்களும் வசனத்தை விடவில்லை. இருமலுக்கு நடுவே, மணியை மிஞ்சிக் கத்திக் கத்திப் பேசினார்கள். வாசல்வரை போன கூட்டம் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தது.

நான் இன்னும் கண்ணை மூடியபடிதான் நின்றேன். மிஸ் வந்து என் கையைப் பிடித்தார். நனைந்து சில்லென்று இருந்தது அவர் கை. "பாருங்க அம்மணி" என்றார். பார்த்தேன். என் பிள்ளை அசையாமல் கிடந்தாள். அவள் வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிணம் மூச்சு விடுவது நாடகத்தில் குறை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு மூச்சையும் பார்த்தேன். வசனம் முடிந்தது. தாரணி கண்ணைத் திறந்து, முதலில் என் பக்கம் பார்த்துவிட்டு, எழுந்து கும்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்த நாளில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அது சந்தோஷத்தில் வந்தது என்று தெளிவாகத் தெரிந்தது.

பிரின்சிபால் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து என்ன புகை என்று கேட்டார். "போர்க்களப் புகை சார், நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று மிஸ் கூசாமல் சொன்னார். மறுபடி எடுத்து அனுப்பலாமா என்று அவர் கேட்டதற்கு, "இதவிட நல்லா அவளால சாக முடியாதுங்க" என்று மறுத்து, மணிச்சத்தத்தோடேயே அனுப்பினார். தாரணி நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். என்னைத்தான் மிஸ் சும்மா விடவில்லை. திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி ஏறாது என்பது நமக்கெல்லாம் தெரியும். பார்க்கும்போதெல்லாம், "ஊரே இருமுச்சே அம்மணி! அப்ப ஒருத்தர் கண்ணும் படல. உங்க புள்ளய ஆரும் சரியாவே பாக்கலன்னு அர்த்தம்" என்பார். ஒருநாள், "இத்தன அக்கறை இருக்கறவங்க வெளிய நிக்கக் கூடாது" என்று ஊசியையும் நூலையும் கையில் கொடுத்து உடை தைக்கும் குழுவில் உட்காரவைத்துவிட்டார். மகள் படித்து முடித்துப் போன பிறகும் நான் அந்தப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். கனல் மட்டும் கொண்டுபோவதில்லை.

தாராபுரத்தில் அவர் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெங்களூரில் நாடகம் கற்றுக்கொடுக்கும் தாரணி விடிவதற்குள் வந்துவிட்டாள். பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் யானை விழுந்த கதையை யாரோ தொடங்கியதும் சிரித்தார்கள். மிஸ்ஸின் தம்பி, "உங்ககிட்ட இவ்வளவு கூத்தா பண்ணுச்சு எங்கக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்து அழுதார். சாவு வீடுகளில் நான் தெருவோடு திரும்புகிறவள். அன்று பெட்டியின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை முழுதாகப் பார்த்தேன். எழுந்திருக்கமாட்டார் என்று தெரிந்தே பார்த்தேன். அப்படிப் பார்க்கிற தைரியத்தைத்தான் அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இந்த வருட ஆண்டுவிழா நாடகத்தில் ஒரு மருத்துவச்சி சாகிறாள். ஒத்திகைக்கு வந்திருக்கும் புது மிஸ், பாவம், சின்னப் பெண். எந்த அம்மாவைக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர், "கார் சாவிய எங்க வைக்கோணும்னு மட்டும் சொல்லிப்போடு" என்றார்.

தாரணியிடம் போனில் சொன்னேன். "வேண்டாம்மா. நீ அசையாமக் கெடக்கறத என்னால பாக்க முடியாது" என்றாள். நேற்று மறுபடி அழைத்தாள். வருகிறாளாம், லீவு சொல்லியாகிவிட்டதாம்.

"மேடையோரத்துல எனக்கு எடம் வச்சிரும்மா. கண்ண மூட மாட்டேன்" என்றாள்.